சொன்ன சொல் தவறாத வண்டி

எங்கள் மகள் பிறந்து ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது என் மைத்துனர் கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலிருந்து ஒரு வாக்கர் வாங்கி வந்தார். தாய்மாமன் சீர். பாத்திரக்கடை வாசலில் பிளாஸ்டிக் குடத்துக்கும் நாற்காலிக்கும் நடுவே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த வகை. அடியில் வட்டச் சட்டம், அதில் எட்டுச் சக்கரம், நடுவில் துணி இருக்கை, முன்னால் பாட்டுப் பாடும் தட்டு. கடைக்காரர் அதற்காக மூன்று வாக்குக் கொடுத்தாராம்: பிள்ளை அழாது, வீடெல்லாம் சுற்றும், தாய்க்குக் கை ஒழியும்.

மூன்றில் ஒன்றும் பொய்க்கவில்லை. உட்கார வைத்த நிமிடமே அழுகை நின்றது. மூன்றாம் நாள் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்விட்டாள். என் மனைவி, பிள்ளை பிறந்த பிறகு முதன்முதலாக, ஒரு டம்ளர் காப்பியைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தாள். அந்தக் காப்பியை நான் மறக்க மாட்டேன். அதற்காகவே இந்த வண்டியைப் பற்றி எழுத உட்காரும்போது குறையில் தொடங்க மனம் வரவில்லை. அதன் சிறப்புகளையே சொல்கிறேன், எதையும் கூட்டாமல்.

முதலில் அதன் வேகம். தட்டையான தரையில் குழந்தை காலால் ஓர் உந்து உந்தினால் வாக்கர் நொடிக்கு ஏறத்தாழ நான்கு அடி ஓடும். ஏழு மாதப் பிள்ளை வயிற்றால் நீந்தி ஒரு பாயின் நீளத்தைக் கடப்பதற்குள் நாம் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அந்தப் பிள்ளைக்கு, தன்னால் ஒரு கணமும் தனியாக நிற்க முடியாத பிள்ளைக்கு, வாக்கர் பெரியவர்களின் வேகத்தைக் கொடுத்துவிடுகிறது.

அன்று நான் கூடத்திலேயே இருந்தேன். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "பக்கத்துல யாருமே இல்லையா?" என்றுதான். இருந்தேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். வாசல் கதவு திறந்திருந்தது. புதிதாகக் கட்டிய வீடு. நிலைப்படி வைக்கவில்லை, கூடத்து டைல்ஸ் தடையில்லாமல் வாசல்படி வரை போகும். வெளியே மூன்று படி. அவளுக்கும் எனக்கும் நடுவே எட்டடி இருக்கும். எழுந்தேன், இரண்டு எட்டு வைத்தேன். அதற்குள் வண்டி படியைத் தாண்டிவிட்டது. அவளுடைய நெற்றி கடைசிப் படியின் விளிம்பில் பட்டது. நான்கு தையல்.

வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாலையில் என் அம்மா அதை நிமிர்த்தி உள்ளே தள்ளியபோது எட்டுச் சக்கரமும் பழையபடியே சத்தமில்லாமல் உருண்டன. அவ்வளவு உறுதியான வேலைப்பாடு.

என் வீட்டில் நடந்தது ஒரு வீட்டுக் கதை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் காயம்பட்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 15 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையை அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்: 2,30,676. பத்தில் ஒன்பது பேருக்குக் காயம் தலையில் அல்லது கழுத்தில். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் படியில் உருண்டவர்கள். இதற்கு முன்பே, 1997-இல் வெளியான இன்னோர் ஆய்வில், இப்படி அடிபட்டு வந்த 271 குழந்தைகளில் 69 சதவீதத்தினரை விபத்து நேர்ந்த கணத்தில் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருப்பது போதவில்லை. எட்டடி தூரத்தில் இருக்கும் தகப்பனைவிட வாக்கர் வேகமானது. நான் அதை அறிவேன்.

எங்கள் மாவட்டத்துத் திருக்கோவலூரை அதியமான் போரிட்டு வென்றதைப் புறநானூறு சொல்கிறது. அந்த அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அந்தத் தொண்டைமானுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூடி அழகாக இருக்கின்றன என்று புகழ்ந்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவை உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தன. அவை போர்க்களம் பார்த்ததில்லை என்பது கேட்டவனுக்குத் தானாக விளங்கியது. வாக்கரைப் புகழ எனக்கும் அந்த உண்மை ஒன்று போதும்.

அடுத்த சிறப்பு, அதில் உட்கார்ந்த பிள்ளை விழாது. கதவு சாத்திய, படியில்லாத, ஒரே மட்டமான அறையில் இது முழு உண்மை. இருக்கை இடுப்பைத் தாங்குகிறது, சட்டம் நான்கு பக்கமும் காக்கிறது. வாக்கர் இல்லாத பிள்ளையோ விழுந்துகொண்டே இருக்கும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்து எண்ணி, 2012-இல் வெளியிட்ட கணக்கு இது: சராசரியாக மணிக்கு 2,368 எட்டு, 17 முறை விழுதல். நாம் ஒவ்வொரு தடவையும் "ஐயோ" என்று ஓடுகிறோம். பிள்ளை பெரும்பாலும் எழுந்து போய்விடுகிறது. அந்த விழுதலில் அது படிப்பது நிறைய: முழங்காலை மடக்குவது, புட்டத்தால் உட்காருவது, கையை முன்னால் ஊன்றுவது, தலையைத் தூக்கிக்கொள்வது.

விழுவதற்கு முன்பே இன்னொரு பாடம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எட்டு ஒன்பது மாதத்தில் கட்டில் காலைப் பிடித்து எழுந்து நிற்கும் பிள்ளைக்கு உட்காரத் தெரியாது. நின்ற இடத்திலேயே அழும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய்ப் படுக்க வைத்தால், திரும்ப எழுந்து நின்று திரும்ப அழும். எழுவதற்குக் கையிழுப்பும் தொடை பலமும் போதும். இறங்குவதற்கு உடம்பின் பாரத்தை முழங்காலிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைக்க வேண்டும். அதற்கு அந்த முழங்காலை நம்ப வேண்டும். இதைப் பழக்கலாம். ஒரு கையால் அது பிடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஒரு கிண்ணத்தை வைத்தால், எடுக்கக் குனியும். முழங்காலின் பின்பக்கத்தை விரலால் மெல்லத் தொட்டுக் கொடுத்தால் மடக்கும். எங்களுக்குப் பத்து நாள் பிடித்தது. வாக்கரில் இந்தப் பத்து நாள் தொல்லை கிடையாது. அங்கே நிற்பதும் உட்காருவதும் ஒன்றுதான்.

பிறகு அந்தத் தட்டு. பாட்டுப் பாடும், விளக்கு எரியும், பிள்ளையின் கண்ணை அங்கே இங்கே போகவிடாமல் வைத்துக்கொள்ளும். நல்ல அகலம். பிள்ளைக்குத் தன் கால் தெரியாத அளவு அகலம். தன் பாதம் எங்கே வைக்கப்படுகிறது என்று பார்க்காமல், குதிகாலை ஊன்றாமல், நுனிவிரலால் மட்டும் தரையை உந்திப் போகும். நிற்பதற்கும் நடப்பதற்கும் வேண்டிய இடுப்பு, பிட்டத் தசைகளுக்கு அங்கே வேலை குறைவு. நடப்பது போல இருக்கும். நிற்பது போலவும் இருக்கும். "எட்டு மாசம் ஆச்சே, இன்னும் நிக்கலையா?" என்று கேட்டு வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு உடனே காட்ட ஒரு பதில் கிடைக்கும். இளம் தாய்க்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

அந்த அக்காவுக்குச் சொல்ல வேறு பதிலும் இருந்தது, அன்று எங்களுக்குத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் டெல்லிக் குழந்தைகள் உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட அளவின்படி, பிடிக்காமல் தனியாக நிற்பது 6.9 மாதத்திலிருந்து 16.9 மாதத்துக்குள் எப்போது வந்தாலும் சரியே. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 வரை. ஒன்பது, பத்து மாத இடைவெளி. முட்டி போட்டுத் தவழாமலேயே நடந்துவிட்ட பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு. வாக்கரைப் பற்றி அயர்லாந்தில் 190 குழந்தைகளைப் பார்த்து 2002-இல் எழுதினார்கள். வாக்கரில் கழிந்த ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும், தனியாக நிற்பது 3.7 நாளும் தனியாக நடப்பது 3.3 நாளும் தள்ளிப்போயிருந்தன. தினம் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் 24 நாளில் அந்தக் கணக்கு ஒரு சுற்று நிறையும். 'வாக்கர்' என்று பெயர்.

எட்டும் தூரத்தையும் அது கூட்டித் தருகிறது. தரையில் தவழும் பிள்ளைக்கு எட்டாதது வாக்கரில் நிமிர்ந்த பிள்ளைக்கு எட்டும்: மேசை விரிப்பின் நுனி, மிக்ஸியின் ஒயர், இறக்கி வைத்த ரசச் சட்டியின் காது. நம் வீடுகளில் சோறு வடிப்பதும் குழம்பு இறக்குவதும் பாதி தரையில்தான். அங்கேயும் அந்தச் சக்கரம் தயங்காமல் போகும்.

கனடா நாடு 2004 ஏப்ரலில் வாக்கரைத் தடை செய்தது. உலகில் முதல் தடை அது. விற்கக் கூடாது, இறக்குமதி கூடாது, விளம்பரம் கூடாது. வீட்டில் கிடந்த பழையதை விற்பதும் குற்றம். அந்த வண்டி சொன்னதையெல்லாம் செய்யும் என்று அந்த அரசு முழுமையாக நம்பியிருக்கிறது. நம் நாட்டில் அப்படியொரு தடை இல்லை. சீர்வரிசைத் தட்டோடு வருகிறது.

இனி நடைவண்டியின் குறைகளைச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் பெயர் போன ஊர். 2021-இல் புவிசார் குறியீடும் வந்தது. மரத்தைச் சாமியாகவும் யாளியாகவும் ஆக்கும் கை உள்ள ஊரில், மூன்று சக்கர நடைவண்டி செய்வது பெரிய காரியமில்லை. பட்டினப்பாலையிலேயே பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. அவ்வளவு பழைய சாமான். ஆனால் வாக்கரோடு வைத்துப் பார்த்தால் நடைவண்டி எதற்கும் உதவாது. பிள்ளையை அது சுமக்காது. பிள்ளை தானே எழுந்து, தன் காலில் நின்று, கட்டையைப் பிடித்த பிறகுதான் நகரும். பிள்ளை விழுந்தால் தாங்காது, விட்டுவிட்டு நிற்கும். வழவழத்த தரையில் முன்னால் ஓடிவிடும், ஆகவே ஒரு ஆள் குனிந்தபடி கூடவே போக வேண்டும். படிக்குப் பக்கத்தில் அதையும் விடக் கூடாது. தாய்க்குக் கை ஒழியாது, அப்பனுக்கு இடுப்பு வலிக்கும். பிள்ளை நடந்தபின் பரணுக்குப் போய்விடும்.

தையல் பிரித்த அடுத்த வாரம் ஒரு நண்பரின் வீட்டு விசேஷத்துக்காகக் கல்வராயன் மலைக்குப் போனோம். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலைப் பக்கம். அங்கே ஒரு வீட்டு வாசலில் எங்கள் மகள் வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கவைக்கம்பை நட்டு, அவன் நெஞ்சு உயரத்துக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு எட்டு வைப்பான், பொத்தென்று உட்காருவான், எழுவான். பக்கத்தில் அவனுடைய ஆயா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அடிபட்டுவிடாதா என்று கேட்டேன்.

"விழுந்தா விழட்டும் சாமி, மண்ணுதானே? அடுப்பாண்ட போவாம பாத்துக்கணும், தண்ணி அண்டாவ மூடி வெக்கணும். அதான் எனக்கு வேல."

அந்தக் கல்லும் மண்ணும் கலந்த வாசலில் வாக்கர் உருளவே உருளாது. மேடுபள்ளம் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைவிட அந்த ஆயா. அவர் சொன்ன இரண்டும்தான் உண்மையான ஆபத்து. நிற்கத் தொடங்கும் பிள்ளை வாளியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும். அந்த வயதில் தலை கனம், உள்ளே சாய்ந்தால் திரும்ப நிமிர முடியாது. அரைவாளித் தண்ணீர் போதும். ஊர் திரும்பியதும் எங்கள் குளியலறை வாளிகளைக் கவிழ்த்து வைத்தோம். டிவி மேசையைச் சுவரோடு திருகி இறுக்கினோம், ஏனென்றால் நிற்கப் பழகும் பிள்ளை எதையும் பிடித்து இழுத்துத்தான் எழும். வாசலுக்கு இடுப்பளவுக் கம்பிக் கதவு போட்டோம். வீட்டுக்குள் சாக்ஸ் போடுவதை நிறுத்தி வெறுங்காலோடு விட்டோம், டைல்ஸில் துணி வழுக்கும். இவ்வளவும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஆனால் மலையை வாழ்த்திவிட்டு நான் இறங்கிவிட முடியாது. அந்த ஆயாவின் மகன் கேரளத்தில் கூலி வேலை. மருமகள் காலையிலேயே மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்தாள். ஆயா முறத்தை வைத்துவிட்டு உள்ளே கஞ்சி பார்க்கப் போகும் ஐந்து நிமிடத்துக்கு அங்கேயும் ஆள் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில்தான் வாக்கர் தன் மிகப் பெரிய சிறப்போடு வருகிறது: வேறு யாரும் வராத இடத்துக்கு அது வருகிறது.

2005-இல் இயற்றிய நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை செய்யும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதினார்கள். நான் பார்த்த ஏரிக்கரைகளில் பிள்ளைகள் புளியமரத்துப் புடவைத் தூளியில்தான் இருந்தார்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் கடைவீதியில் பெண்கள் வேலை பார்க்கும் துணிக்கடை, மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை எதிலும் ஐம்பது பேர் இல்லை. அங்கன்வாடியில் பிள்ளையை உட்கார வைக்க இரண்டு வயதாவது ஆக வேண்டும். எட்டாம் மாதத்திலிருந்து பதினைந்தாம் மாதம் வரை, ஒரு பிள்ளை வாழ்நாளிலேயே அதிகமாக விழும் அந்த ஏழெட்டு மாதத்தில், எங்கள் தெருவுக்கு அரசும் வரவில்லை, முதலாளியும் வரவில்லை. எண்ணூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு வாக்கர் வந்தது.

என் வீட்டில் அது யாருடைய இடத்துக்கு வந்தது என்பதை நான் எண்ணிப் பார்த்தேன். மாமியார் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போன பிறகு, சமையல், துவையல், பால், பிள்ளை எல்லாம் என் மனைவி ஒருத்தியின் இரண்டு கையில்தான் இருந்தன. நான் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவேன். உடனே வெளியே போய் ஏழரை வரை தெருமுனையில் இருப்பேன். அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் வாக்கர் நிரப்பியது. அவளுக்கு அந்தச் சூடான காப்பியைக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். வாக்கர் கொடுத்தது. அதனால்தான் அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மனிதர் செய்ய வேண்டியதைச் சக்கரத்தால் எவ்வளவு செய்ய முடியுமோ, அவ்வளவையும் அது குறைவில்லாமல் செய்தது.

பழைய சாமான்காரர் நூறு ரூபாய்க்குக் கேட்டார். முழுதாகக் கொடுத்தால் இன்னொரு வீட்டுக்குப் போகும் என்று, எட்டுச் சக்கரத்தையும் கழற்றி, இருக்கைத் துணியைக் கிழித்து, சட்டத்தை இரண்டாக அறுத்த பிறகு கொடுத்தேன்.

இப்போது மாலை ஆறிலிருந்து ஏழரை வரை நான் தரையில் இருக்கிறேன். படியில் இறங்குவதை அப்போதுதான் பழக்கினேன். முகம் முன்னால் போகாமல், திரும்பி, வயிற்றால் படுத்து, காலை முதலில் விட வேண்டும். முதல் நாள் அவளுடைய காலை நானே பிடித்துக் கீழ்ப்படியில் வைத்தேன். இரண்டாம் நாளும், பத்தாம் நாளும் அப்படியே. தவழும்போது பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கத் தெரிந்த பிள்ளை, நடக்கத் தொடங்கியதும் அதை மறந்ததுபோல் நேராக விளிம்புக்குப் போகும் என்று அடால்ஃப் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அதனால் நடை வந்த பிறகு இன்னொரு தடவை முதலிலிருந்து பழக்கினோம்.

போன வாரம் கம்பிக் கதவைத் திறந்துவிட்டுக் கீழ்ப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். பதின்மூன்று மாதம் முடிந்திருக்கிறது. கூடத்திலிருந்து தத்தித் தத்தி வந்தாள். விளிம்பில் நின்றாள். என்னைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, மெல்லத் திரும்பி, வயிற்றைத் தரையில் வைத்து, வலது காலை நீட்டிக் காற்றில் துழாவினாள். கட்டைவிரல் முதல் படியைத் தொட்டது.